மாருதி 800: இரண்டாவது கியர் கரகரப்பும் கிளட்ச் ஸ்பிளைன் துருவும்

என் 2003 மாடல் மாருதி 800 இப்போது மூன்றிலிருந்து இரண்டுக்குச் சத்தமில்லாமல் இறங்குகிறது. சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) மாற்றி, வண்டி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நடுவில் ஒருமுறை ஆயிலையும் வடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ரிங் மாற்றிய எந்த வண்டியும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். பழைய ரிங்கைத் தின்ற காரணம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் புது ரிங்கும் அதே வழியில் போகும்.

வண்டிக்கு என்ன வேலை என்று சொன்னால்தான் தேய்மானம் புரியும். வீடு நாமக்கல்லில். கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கம் கொஞ்சம் மிளகுக் கொடி இருக்கிறது. காரவள்ளி அடிவாரம் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். 796 சிசி எஞ்சின், நான்கே கியர், பின்சீட்டில் உரமூட்டை. வளைவுக்கு முன்னால் இரண்டு, கொஞ்சம் நேர்ப்பாதை கிடைத்தால் மூன்று, அடுத்த வளைவு வந்ததும் மறுபடி இரண்டு. ஆடி மாதம் வல்வில் ஓரி விழாச் சமயத்தில் போய் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். முன்னால் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நிற்கும், பின்னால் வேன் ஹாரன் அடிக்கும், கால் கிளட்ச்சை விட்டு எழும்பவே எழும்பாது.

முதலில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது லேசாக ஒரு கரகரப்பு கேட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது சத்தமே இல்லை. நாளாக ஆக, கியர்பாக்ஸ் சூடானதும் ஏற்றும்போதும் கரகரக்க ஆரம்பித்தது. ரிவர்ஸ் சில நேரம் 'கர்ர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழும்.

முதலில் காட்டிய கார் பட்டறையில் லிவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டத்துல புஷ் போயிருச்சு" என்றார்கள். 800-இல் லிவர் நேராக கியர்பாக்ஸ் மேல் உட்காருவதில்லை. தரைக்கு அடியில் ஒரு கம்பி போய்த்தான் பாக்ஸைத் திருப்புகிறது, அதன் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள், அதாவது உரசலைத் தாங்கும் சின்ன வளையங்கள், தேயும். என் வண்டியிலும் தேய்ந்துதான் இருந்தன. மாற்ற கூலியோடு 450 ரூபாய். லிவர் ஆட்டம் நின்றது, கியர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து "பாக்ஸைப் பிரிச்சிரலாம்" என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்திக்கொண்டேன்.

திருச்சி ரோட்டில் லாரி கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். கார் வேலை எடுக்க மாட்டார், கேட்டால் பதில் சொல்வார்.

"பாக்ஸக் கழட்டறதுக்கு முந்தி கிளட்ச்சப் பாருங்க தம்பி. ரிவர்சுல போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டா கரகரங்குதுங்ணா."

"அப்பறமென்னங்க, அதுதான் சொல்லுதே."

அவர் சொன்ன சோதனைக்குக் காசு செலவில்லை. எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்ச்சை முழுசாக மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து, அப்புறம் ரிவர்ஸ் போட வேண்டும். ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாகப் பிரிந்திருந்தால் அந்த மூன்று நான்கு விநாடியில் எஞ்சின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றி ஓய்ந்து நின்றுவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். கரகரத்தால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது, அதாவது கிளட்ச் முழுசாக விடவில்லை. என் வண்டி எத்தனை விநாடி பொறுத்தாலும் கரகரத்தது.

இரண்டாவது சோதனை ஓடும் வண்டியில். பழைய லாரிக்காரர்கள் போடும் டபுள் கிளட்ச்: மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் அழுத்தி இரண்டு. இப்படிப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்படியானால் கியர் பல் பெரிய அளவில் கெடவில்லை, வேகத்தைச் சமப்படுத்தும் ரிங்தான் அசந்துபோயிருக்கிறது. இரண்டு சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான்: கிளட்ச் முழுசாக விடாததால் ஒவ்வொரு தடவையும் ரிங் எஞ்சினோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

ஆகவே முதலில் கேபிள். பானட்டைத் திறந்தால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் மேல், கேபிள் இழுக்கும் ரிலீஸ் லிவர் தெரியும். அந்த லிவரின் முனையில் 2 முதல் 4 மி.மீ. வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். எனக்கு 7 மி.மீ.க்கு மேல் இருந்தது. பெடல் பக்கம் கேபிளின் உள்கம்பி இழை இழையாகப் பிரிந்திருந்தது, அதனால் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு கம்பி நீள்வதிலேயே போய்விடும். புதுக் கேபிள் 280 ரூபாய். மாட்டி, ஆட்டத்தை 3 மி.மீ.க்கு வைத்தேன். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால், மிதித்ததும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் தொட்டுக்கொண்டு சுற்றும், சீக்கிரம் போகும், கிளட்ச் பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும்.

இப்போது காலையில் குளிர்ந்த வண்டியில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. மலை ஏறி சூடானதும் பழையபடி கரகரத்தது. பாதி குணம் என்று குறித்துக்கொண்டு ஆயிலுக்குப் போனேன்.

கியர் ஆயிலைச் சூடாக இருக்கும்போதுதான் வடிக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சம தரையில் ஸ்டாண்ட் வைத்து ஏற்றினேன். முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் லெவல் பிளக்கை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. அது துரு பிடித்துக் கழலவில்லை என்றால், கீழே வடித்த பிறகு ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

வடிந்த ஆயிலை வெள்ளைத் துணி விரித்த பேசினில் பிடித்து வெயிலில் பார்த்தேன். மணப்பெண் கன்னத்து மினுக்குப் பொடி போலத் தங்க நிறத் துகள் மிதந்தது. காந்தத்தை உள்ளே விட்டுக் கலக்கினால் கரும்பசை மட்டும் ஒட்டியது, தங்கத்துகள் ஒட்டவில்லை. கரும்பசை இரும்பு, அது எந்த பாக்ஸிலும் கொஞ்சம் இருக்கும். ஒட்டாமல் மினுங்கியது பித்தளை, சிங்க்ரோ ரிங்கிலிருந்து வந்தது. இரும்பு ஊசி போலவோ சில்லு போலவோ வந்திருந்தால் கவலை வேறு மாதிரி இருந்திருக்கும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

முன்பு ஆயில் மாற்றிய பட்டறைச் சீட்டைத் தேடி எடுத்தேன். 'கியர் ஆயில் 90, ஜிஎல்-5' என்று இருந்தது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜீப், லாரி கிரவுனுக்கு (பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு) ஊற்றும் டின்னிலிருந்தே எடுத்து ஊற்றியிருக்கிறார்கள். மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கியரும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஆயிலில் குளிக்கின்றன. ஆனால் அந்த டிஃபரன்ஷியலில் லாரி கிரவுன் போல வழுக்கி உரசும் ஹைபாய்ட் பல் கிடையாது, சாய்வுப் பல்தான். ஜிஎல்-5 ஆயிலின் கனத்த அழுத்த மருந்து அதற்குத் தேவையே இல்லை. ஜிஎல்-4-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும் அந்தக் கந்தக, பாஸ்பரஸ் மருந்தில் சில வகை பித்தளையை அரிக்கும். அரிக்காத வகையிலும் ஒரு சங்கடம் உண்டு, அது ரிங்கை வழுக்க வைக்கும். சிங்க்ரோ ரிங் கியரின் கூம்பு முகமான கோனைக் கவ்விப் பிடித்தால்தான் வேலை நடக்கும், வழுக்கினால் நடக்காது.

ஏபிஐ ஜிஎல்-4, 80டபிள்யூ-90 வாங்கினேன். லிட்டர் 390 ரூபாய் என்று மூன்று லிட்டர், 1,170 ரூபாய். அக்வேரியம் டியூப் இரண்டு முழம், ஒரு புனல். லெவல் ஓட்டையின் கீழ் விளிம்புவரை வந்து வழியத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அளவு. டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று கூடுதலாகத் திணித்தால் ஆக்சில் சீல் வழியாக வெளியே வரும்.

ஆயில் மாற்றியதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது சத்தம் முழுக்க நின்றது. இறக்கும்போது மட்டும், அதுவும் சூட்டில், மிச்சம் இருந்தது. சமவெளியில் ஓடும் வண்டி என்றால் இதோடு விட்டிருப்பேன், நீங்களும் விடலாம். மலை வண்டிக்கு இரண்டாவது கியர் நம்பகமாக விழ வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றுவதே அதுதான்.

பாக்ஸைக் கழற்றியது வீட்டு முன்வாசலில், உதவிக்கு மச்சான். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர் கம்பி என்று மேலிருந்து கீழாக. ஆயிலை வடித்த பிறகுதான் டிரைவ் ஷாஃப்டை இழுக்க வேண்டும். எஞ்சின் அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தோம். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக ஆயில் சம்பில் வைத்தால் சம்ப் நசுங்கும். பாக்ஸ் கனம் ஒரு ஆள் தூக்கக்கூடியதுதான். ஆனால் படுத்துக்கொண்டு நெஞ்சில் வாங்கக் கூடாது. பழைய டயர் ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் இறக்கினோம்.

பாக்ஸ் பிரிந்ததும் நான் முதலில் பார்த்தது கிளட்ச் பிளேட்டை. சூட்டில் கிளட்ச் விடாததற்கான பதில் அங்கேதான் இருந்தது. இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் பற்களில், அதாவது பிளேட் மாட்டும் நீளவாட்டுப் பற்களில், செந்துரு. கழற்றிய பிளேட்டை அந்த ஷாஃப்டில் மாட்டி விரலால் தள்ளினால் பாதியில் நின்றது. பிளேட் அந்தப் பற்களில் முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தால்தான் மிதித்ததும் ஃபிளைவீலை விட்டுப் பிரியும். நகராமல் ஒட்டிக்கொண்டு உரசினால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கேபிளை எவ்வளவு சரியாக வைத்தாலும் இது தீராது. தேய்ந்த ரிங்கை மாற்றிவிட்டு இதைப் பார்க்காமல் மூடியிருந்தால் செலவு மொத்தமும் வீண்.

பித்தளைக் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை. பல் பல்லாகத் தேய்த்து பளபளப்பாக்கி, மாலிப்டினம் கிரீஸ் ஒரு பூச்சு பூசி, பிளேட்டை ஏற்றி இறக்கி, வழிந்ததை முழுக்கத் துடைத்தேன். கிரீஸ் அதிகமானால் சுற்றும்போது தெறித்து பிளேட்டில் படும். பிளேட்டும் ரிவெட்டுக்கு அருகே தேய்ந்திருந்ததால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக வாங்கினேன். 2,450 ரூபாய்.

பாக்ஸைப் பிரிக்கும்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. சுற்றியுள்ள போல்ட்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் அலுமினியக் கூடு எழும்பாது. ரிவர்ஸ் ஐட்லர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட் வெளிப்பக்கம் தனியாக இருக்கிறது. அதைக் கழற்றாமல் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் கூட்டின் முகம் காயப்பட்டு ஆயுளுக்கும் ஆயில் கசியும். அதேபோல் கியர் மாற்றும் ஃபோர்க் கம்பிகளைப் பூட்டும் குண்டும் ஸ்பிரிங்கும். அவற்றின் போல்ட்டை எடுத்ததும் காந்தத்தால் குண்டை வெளியே வாங்கிவிட வேண்டும். ஒரு குண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடி, தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

ரிங் தேய்வை அளக்க ஃபீலர் கேஜ் போதும். ரிங்கைக் கியரின் கோன்மேல் வைத்து, கையால் அழுத்தி, ரிங்கின் பல்லுக்கும் கியரின் சிறு பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். புதிதில் 1.0 முதல் 1.4 மி.மீ. 0.5-க்குக் கீழே வந்தால் மாற்றியே ஆக வேண்டும். ரிங் தேயத் தேயக் கோன்மேல் இன்னும் உள்ளே ஏறிவிடும், இடைவெளி குறையும். நான்காவது 0.95, மூன்றாவது 0.85, முதலாவது 0.70, இரண்டாவது 0.35. ஒரு இடத்தில் மட்டும் அளந்து முடிக்காமல் மூன்று இடத்தில் அளங்கள், ரிங் கோணலாகத் தேய்ந்திருக்கும்.

கேஜ் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. கோனில் ஒரு சொட்டு கியர் ஆயில் தடவி, ரிங்கை வைத்து அழுத்தி, திருகிப் பாருங்கள். நல்ல ரிங் கவ்வி நிற்கும். என் இரண்டாவது ரிங் சோப்புத் தேய்த்த வளையல் கழல்வதுபோலச் சுற்றியது. உள்பக்கத்துச் சன்னக் கோடுகள் எல்லாம் மழுங்கி, பித்தளை கண்ணாடியாகிவிட்டது.

முதல் கியர், இரண்டாவது கியர் இரண்டுக்கும் புது ரிங். ரிங் ஒன்று 340 ரூபாய், இரண்டு ரிங்குக்கு 680. முதலாவது இன்னும் வரம்புக்குள்தான் இருந்தது என்றாலும், அந்த இரண்டு கியரும் இருக்கும் ஷாஃப்டை பிரஸ்ஸில் வைத்துக் கழற்றிய பிறகு 340 ரூபாய்க்காகப் பழையதை மறுபடி போட மனம் வரவில்லை. இரண்டாவது கியரின் சிறு பற்களில் நுனி லேசாக மழுங்கியிருந்தது. நுனி மழுங்கினால் கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவ் சரியாக உட்காராமல் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கும். புதுக் கியர் விலை கேட்டால் தலை சுற்றியது. சென்னை புதுப்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் பழைய பாக்ஸிலிருந்து கழற்றிய கியர் ஒன்று, பல் நுனி கூர்மையாக இருக்கிறதா என்று போட்டோ வாங்கிப் பார்த்து, பஸ் பார்சலில் வரவழைத்தேன். பார்சல் கூலியோடு 900. ஃபோர்க்குக்கும் ஸ்லீவுக்கும் இடையே ஆட்டம் 1 மி.மீ. வரை போகலாம். எனக்கு 0.6 இருந்தது, விட்டுவிட்டேன். இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைக் கழுவிச் சுற்றினால் சொரசொரத்தது. நியூட்ரலில் கேட்ட 'ஙொய்ய்' சத்தம், கிளட்ச் மிதித்தால் நிற்பது, இதனால்தான். 720 ரூபாய்க்கு மாற்றினேன். ஆயில் சீல் மூன்று, 310.

பிரஸ் வேலை மட்டும் லேத் பட்டறையில், கூலி 600. ஷாஃப்டில் என்ன எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஸ்லீவ் ஏறும் ஹப்புக்கு முன் பின் உண்டு. திருப்பிப் போட்டாலும் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மைக் கழற்றிய இடத்திலேயே வைக்க வேண்டும். ஹப்பில் இருக்கும் மூன்று சாவிகளும் (சிறு உலோகத் துண்டுகள்) ரிங்கின் மூன்று பள்ளங்களில் உட்கார வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கின் நுனிகளும் ஒரே சாவியில் மாட்டக் கூடாது. புது ரிங்குகளை முந்தைய இரவே கியர் ஆயிலில் ஊறப் போட்டேன். கூட்டின் முகத்துக்கு கேஸ்கெட் கிடையாது, சீலன்ட் மட்டும்தான். தடிமனாகப் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயிலில் மிதக்கும். நூல் கனம் போதும்.

வடிகால் பிளக்கில் லேத்காரரிடம் சின்னக் குழி போடச் சொல்லி, ஒரு காந்தத்தை இறுக்கி வைத்தோம், 80 ரூபாய். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, அதே லேத்தில் தேக்குக் கட்டையில் ஒரு அச்சு கடைந்து வாங்கினேன். அது இல்லாமல் கண்ணளவில் வைத்தால் பாக்ஸை மாட்டும்போது ஷாஃப்ட் உள்ளே போகாமல் தோள்பட்டை போய்விடும்.

மாட்டி முடித்து கேபிளை மறுபடி 3 மி.மீ.க்கு வைத்து, ரிவர்ஸ் சோதனை. மூன்றாவது விநாடியில் சத்தமில்லாமல் விழுந்தது. மலை ஏறி இறங்கிய சூட்டிலும் அப்படியே.

புஷ், கேபிள், ஆயில் தொடங்கி காந்தம்வரை மொத்தம் 7,640 ரூபாய். 500 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றியதில் இன்னொரு 1,000 சொச்சம். புது ரிங் பதியும்போது கொஞ்சம் பித்தளை விடும், அதை உள்ளேயே சுற்றவிட வேண்டாம் என்றுதான். அந்த ஆயிலில் துகள் கிள்ளளவு இருந்தது. காந்தத்தில் மெல்லிய கரும்பசை.

ஓட்டும் விதத்திலும் சிலதை மாற்றிக்கொண்டேன். லிவர் மேல் கை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை விட்டாயிற்று. அந்தச் சிறு அழுத்தம் ஃபோர்க்கை ஸ்லீவோடு ஓயாமல் உரச வைக்கும். வளைவில் நின்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் தரையில். செங்குத்தான வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இன்னும் டபுள் கிளட்ச்தான் போடுகிறேன். தேவை இல்லைதான், ஆனால் ரிங்குக்கு வேலை மிச்சம், எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது. ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இறக்குவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு முறை செய்தால் வரிசை இப்படி இருக்கும்: ரிவர்ஸ் சோதனை, கேபிள், ஆயில், அப்புறம்தான் புஷ். பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் ஃபோர்க் ஷாஃப்டின் புஷ்களையும் மாற்றிவிடுவேன். இந்தத் தடவை கிரீஸ் மட்டும் வைத்து விட்டேன், இப்போது பெடலில் லேசாக ஒரு 'கிரீச்' கேட்கிறது. இடது பக்க ஆக்சில் சீலில் ஈரக்கசிவு இருக்கிறது. வாங்கிய சீல் சுமார் ரகம். நல்லதாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாற்ற வேண்டும்.